பிடிபட்ட பிறகு என்ன செய்தீர்கள்?

ரங்கூனிலிருந்து தம்பி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். கூலிக் கொலையாளியாக வேஷம் மாற்றி ஆடும் ‘ஹிட்மேன் வேர்ல்ட் ஆஃப் அசாசினேஷன்’ என்ற வீடியோ கேமைத் தள்ளுபடியில் வாங்கியிருக்கிறார். வாங்கும் முன் மற்றவர்கள் எழுதியதையெல்லாம் படித்திருக்கிறார். பாதிப் பேர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள், பாதிப் பேர் வாய்க்கு வந்தபடி ஏசுகிறார்கள். இவரோ மூன்று நாளாகப் பாரிஸ் லெவலிலேயே கிடக்கிறார். அலுப்புத் தட்டிவிட்டது. “யார் சொல்வதை நம்புவது?” என்று முடித்திருக்கிறார். அவர் எழுதிய விதத்தைப் பார்த்தால் உள்ளே உறுத்துவது வேறு என்று தோன்றுகிறது: கோளாறு ஆட்டத்திலா, தன்னிடமா? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

ரங்கூனில் காளி கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி 2001 முதல் 2015 வரை கேம் சைன், அதாவது காசுக்கு வீடியோ கேம் ஆடவிடும் கடை, நடத்தியவன் நான். நாலு பிளேஸ்டேஷன், நாலு பழைய டிவி, ஒரு ஜெனரேட்டர் என்று ஆரம்பித்தது. நான் உட்கார்ந்து விளையாடியதைவிட, பையன்களின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்ததுதான் அதிகம். யார் எந்த இடத்தில் கண்ட்ரோலரைக் கீழே வைக்கிறான், யார் எதற்குச் சிரிக்கிறான் என்று பதினாலு வருஷம் பார்த்திருக்கிறேன். 2014-இல் வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து சிம் கார்டு 1,500 கியாட்டுக்கு இறங்கியது. அடுத்த வருஷமே கடையில் ஈ ஓட்டினேன், எல்லோரும் போனுக்குள் போய்விட்டார்கள். இதைச் சொல்வது புலம்பலுக்கு இல்லை. என் அனுபவம் எங்கே தொடங்கி எங்கே நின்றது என்று தெரிந்தால்தான் நான் சொல்வதை எடைபோட முடியும். வந்தவர்கள் பெரும்பாலும் பன்னிரண்டிலிருந்து இருபத்தைந்து வயதுப் பையன்கள். மணிக்கணக்கில் காசு கொடுத்து விளையாடியவர்கள். பதுங்கி நிற்கும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் மீட்டர் ஓடுகிறது என்றால் எவனுக்குப் பொறுமை வரும்? அந்தச் சாய்வு நான் சொல்லும் எல்லாவற்றிலும் இருக்கும்.

1998-இல் வந்த ‘மெட்டல் கியர் சாலிட்’ என்ற பதுங்கல் ஆட்டத்திலிருந்து தொடங்குகிறேன். காவலாள் உங்களைப் பார்த்துவிட்டால் அவன் தலைக்கு மேல் ஓர் ஆச்சரியக்குறி, கூடவே சுருக்கென்று ஒரு சத்தம். ரேடார் செத்துவிடும். கண்ணில் படாமல் நழுவிவிட்டால் ரேடார் இருந்த இடத்தில் ஓர் எண் இறங்கத் தொடங்கும், அது பூஜ்யம் ஆகும்வரை மறைந்திருக்க வேண்டும். எங்கள் கடையில் ஒரே டிவியில், ஒரே சாயங்காலம், இரண்டு பையன்கள் இதை விளையாடினார்கள். முதலாமவன் பிடிபட்டதும் கண்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டு, காவலாட்கள் சுட்டுக் கொல்லட்டும் என்று சும்மா உட்கார்ந்திருந்தான். செத்தால் அந்த இடத்தை முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் அல்லவா? அப்படி எட்டுத் தடவை. இரண்டாமவன் ஓடினான். மூலையில் போய் அட்டைப்பெட்டியைத் தலைக்கு மேல் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தான். பூட்ஸ் கால்கள் பக்கத்தில் வந்து நின்று போயின. பையன் நிஜமாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். கடையே அவன் பின்னால் கூடிவிட்டது. எழுந்து போகும்போது முதலாமவன் சொன்னது: “அறுவை, அண்ணே. வேற டிஸ்க் போடுங்க.” இரண்டாமவன் சொன்னது: “நாளைக்கு இந்த டிவி எனக்கு, யாருக்கும் கொடுக்காதீங்க.”

இரண்டும் பொய்யில்லாத கருத்துகள்தான். ஆனால் இருவரும் விளையாடியது ஒரே ஆட்டத்தை அல்ல. முதலாமவன் ஆட்டத்தில் பாதிதான் பார்த்தான். பிடிபட்ட பிறகு நடப்பது முழுவதையும் அவனே வெட்டி எறிந்துவிட்டான். அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். ஸ்டெல்த், அதாவது பதுங்கல் ஆட்டம் எதைப் பற்றியாவது யாராவது கருத்துச் சொன்னால், ‘பிடிபட்ட பிறகு நீ என்ன செய்தாய்?’ என்பதை முதலில் கேட்பேன். மீண்டும் லோடு செய்பவர் எழுதும் கருத்தும், ஓடிப் பிழைப்பவர் எழுதும் கருத்தும் என்றைக்கும் ஒத்துப்போகாது. தம்பி படித்த அந்தப் பாதிக்குப் பாதியில் பெரும்பங்கு இதுதான் என்பது என் கணிப்பு.

இதில் உறுதியாகச் சொல்லக்கூடியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வகை ஆட்டங்களில் காவலாள் மனிதன் மாதிரிப் பார்ப்பதில்லை. அவன் கண்ணிலிருந்து விசிறி விரித்ததுபோல ஒரு பரப்பு. அதற்குள் நீங்கள் எவ்வளவு கிட்டத்தில், எவ்வளவு வெளிச்சத்தில், எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள் என்பதைக் கொண்டு பெரும்பாலும் சந்தேகம் குடத்தில் தண்ணீர் ஏறுவது மாதிரி ஏறும். நிரம்பினால் பிடிபட்டீர்கள். நிரம்பும் முன் விலகினால் மெல்ல இறங்கிவிடும். இந்தத் தாமதம் வேண்டுமென்றே வைக்கப்படுவது. நிஜக் காவலாள் மாதிரி கண்ட மாத்திரத்தில் சுட்டால் ஒருவராலும் ஒரு லெவலைத் தாண்ட முடியாது. அதே மாதிரி, காவலாட்கள் தங்களுக்குள் வாய்விட்டுப் பேசிக்கொள்வார்கள். “அங்கே என்ன சத்தம்?”, “சே, ஒன்றுமில்லை.” யார்தான் தனியாக நின்று இப்படிப் பேசுவான்? அது உங்களுக்காகச் சொல்லப்படும் வசனம். அவன் மனசில் சந்தேகம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று இருட்டுக்குள் இருக்கும் உங்களுக்குத் தெரிய வேறு வழியில்லை. அதே 1998-இல் வந்த ‘தீஃப்’ இதைக் கரைத்துக் குடித்த ஆட்டம். தரை உலோகமா கம்பளமா என்பதைப் பொறுத்துக் காலடிச் சத்தம் மாறும், தண்ணீர் அம்பு விட்டுத் தீப்பந்தத்தை அணைக்கலாம், எவ்வளவு இருட்டில் நிற்கிறீர்கள் என்று திரையின் அடியில் ஒரு கல் ஒளிர்ந்து காட்டும். ஆகவே “எதிரிகள் முட்டாள்கள்” என்ற கருத்தைப் பார்த்தால் உடனே நம்பாதீர்கள். சிலசமயம் நிஜமாகவே சோம்பேறித்தனமான வேலையாக இருக்கும். பலசமயம் உங்களை விளையாடவிடுவதற்காகவே முட்டாளாக்கப்பட்டவர்கள் அவர்கள். எது எது என்று கருத்தைப் படித்து மட்டும் பிரிக்க முடியாது.

மொழி ஒரு பெரிய விஷயம், இதை ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த ஆச்சரியக்குறிக்கு மொழி வேண்டாம். பர்மிய மொழி மட்டுமே தெரிந்த பையனும், தமிழ்ப் பையனும், சீனப் பையனும் ஒரே நொடியில் துள்ளினார்கள். ஹிட்மேன் அப்படியில்லை. அங்கே பாதி ஆட்டம் ஒட்டுக்கேட்பது. யாரோ இரண்டு பேர் மது பாரில் நின்று பேசுவதிலிருந்துதான் வழி திறக்கிறது. ஆங்கிலம் வேகமாகக் காதில் விழாதவருக்கு அது வெறும் கூட்ட இரைச்சல், மாளிகைக்குள் வழி தெரியாமல் சுற்றுவதுதான் மிச்சம். எழுத்தைத் திரையில் காட்டும் வசதியை முதலில் போடுங்கள். மெனுவில் ‘மிஷன் ஸ்டோரீஸ்’ என்று வழிகாட்டும் ஏற்பாடு இருக்கிறது. முழுசாக, குறைவாக, இல்லவே இல்லை என்று மூன்று அளவு. “முழுசாக வைத்தால் கையைப் பிடித்து நடத்துகிறது, சுவை போய்விடும்” என்று பழம் தின்று கொட்டை போட்டவர்கள் எழுதியிருப்பார்கள். அவர்கள் நூறு மணி நேரம் ஆடியவர்கள். நீங்கள் மூன்று நாள்.

மெட்டல் கியரில் இன்னொரு கூத்து. ஓரிடத்தில் ஒரு பெண்ணை ரேடியோவில் கூப்பிட வேண்டும். அலைவரிசை என்ன என்று கேட்டால், சிடி உறையின் பின்பக்கம் இருக்கிறது என்கிறார்கள். நிஜ உறை! கடையில் விற்கும் பெட்டியின் முதுகில் அச்சடித்த படத்தில் அந்த எண் இருக்கும். எங்களுக்கு ஏது பெட்டி? பாலித்தீன் பையில் போட்டு வரும் நகல் டிஸ்க், அதன்மேல் பேனாவால் எழுதிய பெயர். பையன்கள் ஆட்டத்துக்குள் கிடைத்த பொருள்களையெல்லாம் புரட்டிப் பார்த்து மாய்ந்தார்கள். பத்து நாள் ஒருவரும் நகரவில்லை. “இது அரைகுறை ஆட்டம், டிஸ்க் கெட்டுப்போச்சு” என்பது அப்போது எங்கள் தெருவின் ஒருமித்த கருத்து. கடைசியில் ஒரு கப்பல்காரர் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது எண்ணைச் சொன்னார். 140.15. கடைச் சுவரில் பால்பாயிண்டால் எழுதி வைத்தேன், கடையைக் காலி செய்யும்வரை அது அங்கேயே இருந்தது. உலகமே புத்திசாலித்தனம் என்று மெச்சிய இடத்தை நாங்கள் கோளாறு என்று ஏசியிருக்கிறோம். எங்கள் மேல் தப்புமில்லை.

டிவியையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2002-இல் ‘ஸ்ப்ளிண்டர் செல்’ வந்தது, இருட்டே ஆயுதம் என்று சொன்ன ஆட்டம். எங்கள் டியூப்லைட் வெளிச்சம் டிவிக் கண்ணாடியில் பட்டுத் தெறித்ததில் விளையாடுபவன் முகம்தான் திரையில் தெரிந்தது. பையன்கள் இருட்டிலும் பார்க்க உதவும் இரவுக் கண்ணாடியை முதலிலிருந்து முடிவுவரை கழற்றாமலே ஆடினார்கள், “ஆட்டம் பூரா ஒரே நிறம், கண் வலிக்குது” என்றார்கள். ஒருநாள் மீ பியெட், அதாவது கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரை டிவிகளுக்கு மட்டும் போட்டு, டியூப்லைட்டை அணைத்தே விட்டேன். அன்றைக்குத்தான் அந்த ஆட்டத்தின் நிழல்கள் எங்களுக்குத் தெரிந்தன. “மீ லா பி!”, கரண்ட் வந்துவிட்டது என்று தெரு முழுக்கக் கத்தல் கேட்டு நான் விளக்கைப் போடப் போனபோது, வேண்டாம் அண்ணே என்று நாலு பேர் ஒரே குரலில் தடுத்தார்கள். அந்த ஆட்டத்தின் கதை நடுவில் ரங்கூனுக்கே வருகிறது. இங்கிருக்கும் சீனத் தூதரகத்துக்குள் நுழைய வேண்டும். அந்த லெவலைக் கடைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுத்தான் விளையாடினோம், ராணுவ ஆட்சி நடந்த அந்தக் காலம் அப்படி. நான் நடைபாதை டீக்கடையின் குட்டி ஸ்டூலையும், சுவரில் வெற்றிலை எச்சிலையும் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. இருந்தும் அதுதான் உசத்தியான லெவல் என்று பையன்கள் சத்தியம் செய்தார்கள். தன் ஊர்ப் பெயர் வந்துவிட்டால் எவனாலும் நடுநிலையாக மார்க் போட முடியாது. ஹிட்மேனில் மும்பை லெவலைப் பற்றி இந்தியர்கள் எழுதியதைப் படிக்கும்போதும் இதை நினைவில் வையுங்கள்.

கருத்துகளில் இன்னொரு வகை உண்டு: ஆட்டம் தன்னைத் திட்டுவதாக நினைப்பவர்கள். 2012-இன் ‘டிஸானர்ட்’ அதற்கு நல்ல உதாரணம். கையில் விதவிதமான கொலைக் கருவிகளைக் கொடுத்துவிட்டு, நிறையக் கொன்றால் ஊரில் எலிகள் பெருகும், நோயாளிகள் பெருகுவார்கள், முடிவும் இருண்டுவிடும். “கத்தியைக் கொடுத்துவிட்டு வெட்டினால் ஏன் முறைக்கிறாய்?” என்று ஒரு கூட்டம். “கொல்லாமலே போனதில்தான் சுகம்” என்று இன்னொரு கூட்டம். இதில் நான் முதல் கூட்டத்தின் பக்கம். தண்டனையைக் குறைத்து, வேடிக்கையைக் கூட்டியிருக்கலாம். ஆனால் இது ருசி சம்பந்தப்பட்டது, தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, ஹிட்மேனுக்கு வருகிறேன். ஏசியவர்களில் ஒரு பகுதியினர் ஆட்டத்தையே ஏசவில்லை, இணையத்தை ஏசுகிறார்கள். அதன் சேலஞ்சுகள், மதிப்பெண், புதுப் பொருள்கள் திறப்பது எல்லாம் சர்வரோடு தொடர்பு இருந்தால்தான் நடக்கும். 2021-இல் இதன் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பு, இணையச் சரிபார்ப்பு போன்ற பூட்டில்லாத ஆட்டங்கள் விற்கும் இணையக் கடை என்று பெயரெடுத்த ஜிஓஜி-யில் விற்பனைக்கு வந்தது. ஆடியவர்கள் கொதித்து ஒற்றை நட்சத்திரமாகக் குவித்தார்கள், சில வாரத்தில் கடையே அதை விலக்கிக்கொண்டது. கோபன்ஹேகனிலோ டோக்கியோவிலோ இருப்பவருக்கு அது கொள்கைப் பிரச்சினை. நமக்கு அன்றாடப் பிரச்சினை. இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டர் ஓடும், ஆனால் கட்டடத்தின் இணைய இணைப்பு கரண்டோடு சேர்ந்து படுத்துவிடும். ஆன்லைனில் ஆடிச் சேமித்ததை ஆஃப்லைனில் திறக்க முடியாது. எனவே நட்சத்திரத்தை எண்ணாமல் எழுதியவர் எதைத் திட்டுகிறார் என்று பாருங்கள். ரங்கூனிலிருந்து விளையாடும் உங்களுக்கு அந்த ஒற்றை நட்சத்திரக் கருத்துதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது.

பாரிஸ் லெவல் ஏன் அலுத்தது என்பதற்கு என் ஊகம் ஒன்று. தம்பி அதைப் பழைய பதுங்கல் ஆட்டமாக எண்ணி, சுவரோரம் குனிந்து குனிந்து போயிருப்பார். ஹிட்மேனில் அப்படிக் குனிந்து போக வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. இங்கே இருட்டுக்குப் பதில் உடைதான் மறைவிடம். ஃபேஷன் ஷோ நடக்கிறது. உங்கள் ஆள் மாதிரியே மொட்டைத் தலையோடு ஹெல்முட் க்ரூகர் என்று ஒரு மாடல் இருக்கிறான். அவனை மயக்கித் தள்ளிவிட்டு, உடையைப் போட்டு, முகத்துக்கு மேக்கப்பும் செய்துகொண்டால், அத்தனை விளக்கு வெளிச்சத்தில் அத்தனை பேர் பார்க்க மேடையில் நடந்தே போகலாம், ஒரு காவலாளும் அசைய மாட்டான். ஒளிவது என்றால் நடுவில் போய் நிற்பது என்று ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் இடம் அது. தலைக்கு மேல் வெள்ளைப் புள்ளி தெரிபவர்களிடம் மட்டும் கவனம், அவர்கள் உங்கள் வேஷத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். வேஷத்தைப் பொறுத்து இந்த ஆட்கள் மாறுவார்கள். காவலாள் உடை போட்டால் மற்றக் காவலாட்களில் சிலர், சமையல்காரர் உடை போட்டால் சமையலறைக்காரர்களில் சிலர் என்று. தன் கூடவே வேலை செய்பவனைத் தெரியாதா என்ன?

ஊகம் என்று சொன்னேன். நீங்கள் விளையாடியதை நான் பார்க்கவில்லை, என் பழைய தொழிலில் தோளுக்குப் பின்னால் நிற்காமல் எதையும் சொன்னதில்லை. நான் சொன்னபடி ஆடியும் பிடிக்காமல் போகலாம். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து, போன தடவை பூட்டியிருந்த கதவை இந்தத் தடவை திறப்பதுதான் இந்த ஆட்டத்தின் முழு விருந்து. கதை முன்னே போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்று விரும்புபவருக்கு அது பழஞ்சோறு. என் கடையில் அப்படிப்பட்ட பையன்கள் நிறைய இருந்தார்கள். நல்ல ஆட்டக்காரர்கள், புத்திசாலிகள். ஃபுட்பால் டிஸ்க் கேட்டு வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போனார்கள். பதுங்கல் பிடிக்காதவனுக்குப் பொறுமையில்லை என்று சொல்வது வெறும் பந்தா. காளி கோயில் திருவிழா வரிசையில் மூன்று மணி நேரம் நின்ற அதே பையன் மெட்டல் கியரில் மூன்று நிமிஷம் நிற்க மாட்டான்.

இன்றைக்கு ராத்திரி ஒரு தடவை மட்டும் இப்படி விளையாடிப் பாருங்கள். பாரிஸை ஆரம்பித்ததும் சேவ், லோடு இரண்டையும் மறந்துவிடுங்கள். மாட்டிக்கொண்டால் ஓடுங்கள். குளியலறைக்குள் புகுந்து, தேடி வருபவன் தனியாக வந்தால் அவனை மடக்கி அலமாரியில் தள்ளி, அவன் உடையோடு வெளியே வாருங்கள். தேடல் உங்கள் பழைய உடையைத்தான் தேடும். இருபது நிமிஷம் இப்படி ஆடிய பிறகும் அலுப்பாக இருந்தால் ஆட்டத்தை எடுத்துவிடுங்கள். நடுவில் கரண்ட் போனால் அது கணக்கில் சேராது, மறுபடி முதலிலிருந்து. என்ன ஆயிற்று என்று வந்து எழுதுங்கள். முக்கியமாக, எந்த உடையில் மாட்டினீர்கள் என்று.